கடுகு கேட்டவர்

வாய் திறக்கும் முன்பே தெரிந்தது
அவர் சூரிச்காரர் என்று.
சொசேஜை வாங்கிய கை சும்மா இருக்க
கண்கள் மட்டும் மேசை முழுக்க
எதையோ தேடின.

சென்ட் காலனில் இப்படித் தேடுகிறவர்களுக்கு
ஒரு பெயர் உண்டு.
அச்சில் ஏறாது.

கன்றிறைச்சி, கொஞ்சம் பால்,
கரிநெருப்பில் ஒரு பக்கம் மெல்லக் கீறி
நெய் கசிய வேண்டும்.
இடக்கையில் சொசேஜ், வலக்கையில்
அடி கருகிய உருண்டை ரொட்டி.
முடிந்தது.
"கடுகு பூசுவது கெட்ட இறைச்சியை ஒளிக்க"
என்பாள் முதலாளி ரெகுலா ஹுங்கர்பூலர்,
நான் கேட்காத நாட்களிலும்.

வேலை ஒப்பந்தத்தில்
விடுமுறை இருந்தது, காப்புறுதி இருந்தது.
கடுகை மட்டும் வாயால் சொன்னாள்,
ஒற்றை விரலை உயர்த்தி.

நானோ
கடுகு வெடிக்காமல் ஒரு கறியும் இறக்காதவள்.
பதினொரு வருடம்
பகல் முழுக்கக் கடுகை மறுத்துவிட்டு
இரவில் வீட்டுக்குப் போய்
எண்ணெய் காய்வதற்குள் டப்பாவைத் திறக்கிறேன்.

"கொஞ்சம் கடுகு கிடைக்குமா?"

வரிசை அடங்கியது.
பின்னால் நின்ற தபால்காரர்
செத்த வீட்டுக்கு வந்தவர்போல்
தொப்பியைக் கழற்றினார்.
ரெகுலா கடிகாரத்தைப் பார்த்தாள்.
"சூரிச்சுக்கு அடுத்த ரயில்
இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில்."

அவர் அசையவில்லை.
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு டியூபை எடுத்தார்.
வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார், மனுஷன்!
"கடுகு சிறுத்தாலும்" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
ஜெர்மனில் அதற்குக் காரம் வராது.

"என் கடைக்கு முன்னால் அபராதம் ஐந்து பிராங்க்.
சின்னப் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்கு."
பத்து பிராங்க் போட்டார்.
"மீதி, அடுத்து வரும் என் ஊர்க்காரனுக்கு."
தபால்காரருக்குச் சிரிப்பு முட்டியது,
ரெகுலாவுக்கும்தான், காட்டவில்லை.

முதல் கடி வெறுமனே கடித்தார்.
மென்றார். டியூபைப் பார்த்தார்.
நன்றாக இருக்கிறது என்று சொல்லவே இல்லை.
பிறகு மூடியைத் திருகி
ரொட்டியில் மட்டும் ஒரு கோடு இழுத்தார்.
"ரொட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை"
என்றாள் ரெகுலா, அடுப்பைப் பார்த்தபடி.

பெரியவர்கள் இப்படியும் சண்டை பிடிப்பார்களா
என்று எனக்குள் சிரித்தபடி
மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.
எதிரே பாத்திரம் கழுவும் மெற்றில்டா, மன்னார்.
டப்பாவைத் திறந்தாள். நண்டுக்கறி.
சிவப்பாக ஏதோ மிதந்தது.
"தக்காளியா? நண்டுக்குள்ளயா?
பருத்தித்துறையில இதை நாய்க்கும் வைக்கமாட்டம்."
"பருத்தித்துறைக்கு நண்டு தெரியுமோ,
வடை தட்டத்தானே தெரியும்?"
அப்போதுதான் கவனித்தேன்
காற்றில் நிற்கும் என் ஒற்றை விரலை.
ரெகுலாவும் கவனித்தாள்.
மடக்கிக்கொண்டு
அந்தக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்,
தக்காளியை ஒதுக்கி.

சூரிச்காரர் டியூபை மறந்துவிட்டுப் போயிருந்தார்.
கைதுடைக்கும் தாள்கட்டுக்குப் பின்னால்
நான்தான் மறைத்து வைத்தேன்,
யாராவது திரும்பி வந்து கேட்டால் கொடுக்க.

அக்டோபர் சந்தைக்குள்
அது பாதியாகியிருந்தது.
நான் தொடவில்லை.
மெற்றில்டாவுக்குக் கடுகு ஆகாது.
சூரிச்சிலிருந்து
ஒரு குஞ்சும் வரவில்லை.