மூன்றாம் எண்ணிக்கை

கூந்தன்குளத்து நடுத்திட்டில்
மாசி பதினெட்டாம் தேதி
இருநூற்றுப் பதினொரு நாரைக் குஞ்சு.
பங்குனிக் காற்றுக்கு அப்புறம்
லாரி டியூபில் போகிறோம்
நானும் பூலுடையாரும்.

உடைமரத்துக்கு உடைமரம்
கண்ணாடி கட்டிய கம்பை உயர்த்துகிறார்.
முதலில் வானம்,
அப்புறம் சுள்ளி,
அப்புறம் ஒரு கருத்த அலகு.
என் தாளில் விழுந்த எச்சம்
நாற்பத்தேழாம் கூட்டை அழித்துவிட்டது.

நூற்று முப்பத்தாறு என்கிறேன்.
“முப்பத்தேழுல்லா.”

சேற்றில் கிடந்ததை
இறந்தவற்றில் எழுதியிருந்தேன்.
அவர் குனிந்து
கட்டைவிரலை நீட்டுகிறார்.
கவ்வுகிறது.

கூடு ஏறாது, ராத்தாண்டாது என்று
அவருக்கும் தெரியும்.
படிவத்தில் இரண்டே கட்டம்.
பேனா மூடியைக் கடித்தபடி
நான்.
திட்டைவிட்டு மெல்ல விலகுகிறது
டியூப்.