வாய்ப்பூட்டு

இரவு பதினொன்றே கால். ஈஸுகா ஓடுதளம்.
பார்வையாளர் மேடையில் ஈ காக்கை இல்லை.
பணம் கட்டியவர்கள் எங்கெங்கோ
போர்வைக்குள் கைப்பேசியோடு விழித்திருக்கிறார்கள்.
எங்கள் கைப்பேசிகளை உள்ளே வந்த அன்றே
வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.
ஊர் தூங்க வேண்டுமாம்.
எட்டு எஞ்சினுக்கும் புகைக்குழாயில் வாய்ப்பூட்டு.

எனக்கு ஐம்பத்து நான்கு.
ஒன்றாம் எண், வெள்ளை, முதல் கோடு.
முன்னால் நிறுத்துவது மரியாதைக்கில்லை.
இங்கே வல்லவன் பின்னால் நிற்பான்,
தளர்ந்தவனுக்குப் பத்துப் பத்து மீட்டராய்த் தள்ளுபடி.
என் முதுகுக்கு முப்பது மீட்டர் பின்னால்
ஆரஞ்சு நிறத்தில் எசாக்கி. வயது இருபத்தாறு.
பிரேக் கிடையாது,
அவளுக்கும் எனக்கும்.

கடிகார முள் நகரும்வரை
சிலர் சாமி பெயர் சொல்வார்கள்.
நான் எஞ்சின் பெயர் சொல்வேன்.

மெகுரோ.
மண்தளக் காலத்தது, பிறர் சொல்லக் கேட்டது,
மேட்டில் பாரம் இழுக்கும் மாடுபோல் இரைக்குமாம்.
டிரயம்ஃப்.
கப்பலில் வந்தது. எண்ணெய் கசியாத டிரயம்ஃப் என்றால்
எண்ணெய் ஊற்ற மறந்த டிரயம்ஃப் என்பார்கள்.
எச்.கே.எஸ்.
அதைப் பற்றிப் பேசினால் இருவருக்குள் சண்டை வரும்.
ஃபூஜி.
இது ஒன்றைத்தான் நான் ஓட்டினேன், ஒரே வருடம்.
என் வலது முழங்கால் இன்னும் சாட்சி.

அப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்
வளைவில் வருவது யாரென்று.
சுரங்கக் கழிவுமலை மூன்றும் வாங்கி
திருப்பி எறியும் அந்தச் சத்தத்தை.

தொண்ணூற்று மூன்றில் சுசுகியின் சியர் வந்தது.
இரட்டை உருளை, அறுநூறு சிசி,
எல்லாருக்கும் அதுவே.
ஃபூஜியில் கொடிகட்டிப் பறந்த மட்சுகுமா
புது வண்டிக்குப் பெயர் எழுதும் படிவத்தில்
கோபத்தில் கிறுக்கினார்: ஒனாஜி.
'அதேதான்' என்று அர்த்தம்.
அலுவலர் தலை நிமிராமல் முத்திரை குத்தினார்.
அடுத்த வருடம் ஒனாஜி பதினொரு முறை ஜெயித்தது.
ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும்
அவர் மூஞ்சியைப் பார்க்கவேண்டுமே!

ஒரே எஞ்சினாம்.
வால்வு இடைவெளியில் பாதி மயிரிழை கூட்டு,
அது வேறு பிறவி.
மழைக்கு முந்தைய மதியம் இனிக்கும் கேம்
மழை நின்றதும் கசக்கும்.
நாங்களே பிரித்து நாங்களே பூட்டுகிறோம்,
ஒரே அரிசி, அவரவர் பதம்.

கிளம்பினோம்.
முதல் வளைவில் இடதுகாலை ஊன்றியபோதுதான் கேட்டேன்
முப்பது வருடம் கேட்காத ஒன்றை:
தாரில் இரும்புச் செருப்பு உரசும் சத்தம்.
என்னுடையது கொஞ்சம் கரகரப்பு.
பின்னால் இன்னொன்று, மெலிதாய், நீளமாய்,
துணிக்கடையில் பட்டு கிழிப்பதுபோல.
எசாக்கி.

அப்புறம் எனக்குத் திரும்பிப் பார்க்கும் வேலையே இல்லை.
பட்டு உள்பக்கம் வந்தால் உள்ளே சாய்ந்தேன்,
வெளியே போனால் வெளியே அகன்றேன்.
நான்கு சுற்று, ஐந்து சுற்று,
என் காதுக்குள் அவளைக் கட்டி வைத்திருந்தேன்.

கடைசி வளைவு.
பட்டு கிழியவில்லை.
விழுந்துவிட்டாளோ என்று
ஒரு நொடி, ஒரே நொடி,
மனம் பின்னால் போனது.

அவள் காலைத் தூக்கியிருந்தாள்.
காலே ஊன்றாமல் வளைந்து
என் வலப்பக்கம் ஆரஞ்சாய்க் கடந்தாள்.
அவள் வாலைப் பிடித்து இன்னொருத்தனும் போனான்.

மூன்றாவது வந்தேன்.
பட்டறையில் அவள் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கேட்டாள்.
கொடுத்தேன்.
காலைத் தூக்கியது ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

எங்கோ ஒரு போர்வைக்குள் இந்நேரம்
யாரோ என் பெயர் சொல்லித் திட்டியிருப்பார்கள்.
அதுவும் கேட்கவில்லை.