முப்பது அடி

படத்தில் பாம்பு அழகாகத்தான் நெளிந்தது.
நூற்றிருபது அடி உயரம், இரண்டு தலைகீழ்ச் சுற்று,
கடைசியில் பேரே வாவிப் பக்கம் ஒரு பாய்ச்சல்.
வெளிநாட்டுப் பொறியியலாளர்
சிவப்பு லேசர் புள்ளியால் அதன் முதுகைத் தடவிக் காட்டினார்.
குளிரூட்டிய அறை. கட்லட்டும் பட்டிஸும் வந்தன.
பழைய பூங்காவின் ராட்டினங்களை
இரும்பு விலைக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

என் முறை வந்தபோது
வடிகால் பிரிவின் அலுமாரியிலிருந்து எடுத்துப்போன
துணி ஒட்டிய வரைபடத்தை விரித்தேன்.
சுருண்டுவிடாதிருக்க
மூலைக்கொரு தேநீர்க் கோப்பை.

இது என்ன கோடு, என்றார்கள்.
மலக்குழாய் என்று வாயில் வந்ததை விழுங்கி
பிரதான கழிவுக்குழாய் என்றேன்.
செங்கல் கட்டு, முட்டை வடிவம்.
ஓர் ஆஸ்பத்திரி, மூன்று தோட்டம், இரண்டு ஹோட்டல்
விடிய ஐந்தரைக்கு எழும்பி
அதற்குள்தான் இறங்குகின்றன.
உங்கள் பாம்பின் பதினேழு தூண்களில்
ஆறு அதன் மேல் நிற்கின்றன.

மாற்றிவிடலாமே.
எல்லாரும் முதலில் சொல்வது அதுதான்.
மாற்றும் எட்டு மாதமும்
கொம்பனித்தெரு அடக்கிக்கொண்டிருக்குமா, சேர்?
ஒருவரும் சிரிக்கவில்லை.

படமும் பொய் சொல்லும், அதையும் சொல்லவேண்டும்.
சோதனைக் குழி வெட்டினோம்,
கோடு பதினொரு அடி தள்ளிக் கிடந்தது.
கூடவே, படத்திலேயே இல்லாத ஒரு வார்ப்பிரும்புக் குழாய்.
மின்சார சபை எங்களதில்லை என்றது.
நீர் வழங்கல் சபை கடிதம் அனுப்பச் சொன்னது.
டெலிகொம் பதிலே போடவில்லை.
துவான் ரஷீன் குழிக்குள் குந்தி
இரும்பில் காதை வைத்தார்.
நாங்கள் மழைக்கோட்டோடு மேலே நின்றோம்.
"ஓடுது, மிஸ்."
யாருடையதோ, எங்கேயோ.

பாம்பு குட்டையானது.
ஒரு சுற்றுப் போயிற்று, வாவிப் பாய்ச்சலும் போயிற்று.
பூங்காவின் நடுவே குறுக்காக
முப்பது அடி அகலத்தில் புல்.
தூண் கூடாது. கடை கூடாது.
வேர் இறங்கும் என்பதால் மரமும் கூடாது.
ஒன்பதாம் நிபந்தனையை நான்தான் எழுதினேன்:
லேன் பக்கத்து இரும்புக் கதவு
எந்த நேரமும் மாநகர சபைக்குத் திறக்கவேண்டும்.
இரவில் அடைப்பெடுக்கப் போனவர்கள்
இரண்டு தரம் பூட்டின் முன்னால் நின்றபிறகு
பூட்டே போடாமல் விட்டார்கள்.

டிக்கட் இல்லாமல் பிள்ளைகள் நுழைகிறார்கள்
என்று கொம்பனி முறையிட்டது.
குழாய்க்கு வழி வேண்டும்
என்று இரண்டு வரியில் பதில் போட்டேன்,
கோவையில் இருக்கிறது.

போயா தினத்தன்று ஒருமுறை போனேன்.
மேலே, தலைகீழாக, காசு கொடுத்தவர்களின் கூச்சல்.
கீழே தோட்டத்துப் பொடியன்கள்
மேன்ஹோல் மூடியில் செங்கல் அடுக்கி விக்கெட் வைத்திருந்தார்கள்.
நேரே எவ்வளவு தூரமும் அடிக்கலாமாம்.
ஓஃப் சைட்டில் புல்லைத் தாண்டினால்
அவுட்.