கொட்டேஷனின் நான்காம் பக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த சபியுல்லா
எங்கள் மொட்டைமாடியில் நின்று
தெற்கு எது என்று செல்போனைக் கேட்டார்.
அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
பக்கத்து வீட்டு சில்வர் ஓக்கைக் காட்டியது.

மூன்று கிலோவாட். இரண்டு லட்சத்து ஐயாயிரம்.
மானியம் எழுபத்தெட்டாயிரம் பிறகு வரும்.
"அஞ்சு வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும்.
அப்புறம் இருபது வருஷம்
வெயில் உங்களுக்குச் சும்மாக்கா."

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
சும்மா என்று யாராவது சொன்னால்
கட்டை அவிழ்த்து
மறுபடி எண்ணுகிறவள்.

அவர் கணக்கில் இருந்தது மேட்டுப்பாளையத்து வெயில்.
அரவேணு வெயிலின் வருகைப் பதிவேடு வேறு.
ஜூலை முழுக்க மெடிக்கல் லீவு.
நவம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் லீவு.
மற்ற நாட்களில் பதினொரு மணிக்கு வந்து
மூன்று மணிக்கு மூட்டை கட்டும்.
பனிமூட்டத்துக்குக் கட்டம் போட்டு எழுதியதில்
ஐந்து வருடம் எட்டரை ஆனது.
"எட்டரை வருஷத்துல எனக்கு அறுபத்தொண்ணு"
என்றார் நஞ்சுண்டன்,
அதையும் செலவில் எழுது என்பதுபோல.

சங்கிலியை எங்கள் வங்கியிலேயே வைத்தேன்.
மதிப்பீட்டாளர் தணிகாசலம் உரைகல்லில் இழுத்து
என் முகம் பார்க்காமல் எடை சொன்னார்.
எண்ணிக் கொடுத்ததும் நான்,
எண்ணி வாங்கியதும் நான்.
வாங்கும்போது ஒரு நூறு குறைவதுபோல் இருந்தது.
குறையவில்லை.

மரம் போஜனுடையது.
வெட்ட மனுப் போட வேண்டும், அது நடக்காது.
கிளை கழிக்கலாம், ஆனால்
அதில் அவருடைய மிளகுக் கொடி.
பேசிப் பேசி முடிவானது இப்படி:
ஆறு கிளை எங்களுக்கு.
கரண்ட் போகும் நாட்களில்
அவர் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு
எங்கள் வீட்டிலிருந்து ஒரு வயர், ஒரு பல்பு.
தாராளமாக என்றேன்.

ஏப்ரல் பில் தொண்ணூற்றேழு ரூபாய்.
முந்தைய வருடம் இதே ஏப்ரலில்
இரண்டாயிரத்து எண்ணூறு.
இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.
கீசர் போட யோசிக்காத முதல் வாரம் அது.
காலையில் குரங்குகள் பேனல்மேல் வரிசையாக உட்கார்ந்து
முதுகு காயவைக்கும்.
அவை எழுந்து போனதும்
நஞ்சுண்டன் துடைப்பானோடு ஏறுவார்.
உற்பத்தி, ஏற்றுமதி என்றெல்லாம்
இரவுச் சாப்பாட்டில் பேசிக்கொண்டோம்.

நவம்பரில் குஞ்சப்பனை பக்கம்
லைன்மேல் மரம் விழுந்தது.
மூன்று நாள் இருட்டு.
மூன்றாம் நாள் காலை
கழுவித் துடைத்த வெயில்,
அப்படி ஒன்றை வருடத்தில் நாலு முறை பார்த்தால் அதிகம்.
மாடியில் எட்டுப் பேனலும் கண் கூசுகின்றன.
கீழே ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.
இன்வெர்ட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி.

சபியுல்லா ஆறாவது அழைப்பில் எடுத்தார்.
"லைன்ல கரண்ட் இல்லைனா இதுவும் நின்னுடும்கா.
இல்லாட்டி உங்க கரண்டு கம்பி வழியா போய்
கம்பத்துல நிக்கிற ஆளை அடிச்சிடும்.
பேட்டரி வெச்சா அது வேற கணக்கு.
நாலாம் பக்கத்துல போட்டிருக்கே."

போட்டிருந்தது.
அடியில் என் கையெழுத்து,
வங்கியில் போடுவதைவிடத் தெளிவாக.

போஜன் வந்தார். ஒரு கையில் வயர்,
மறு கையில் அட்டைப்பெட்டி,
உள்ளே பதினேழு குஞ்சுகளின் கீச்சு.
நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.
ஒன்றும் பேசாமல் படியேறி
பேனல் ஓரத்தில், காற்றுப் படாத பக்கமாக,
பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தார்.
குஞ்சுகள் மெல்ல அடங்கின.

அங்கிருந்து பார்த்தால் ரோட்டு வளைவு தெரியும்.
கம்பத்தின் உச்சியில் காக்கிச் சட்டை ஒன்று
கம்பியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு
கீழே யாரிடமோ பீடி கேட்டது.

"பேட்டரி எவ்வளவாம்?" என்றார் போஜன்.
லட்சத்துப் பத்தாயிரம் என்றேன்.
அவர் தன் மரத்தைப் பார்த்தார்.
கழித்த ஆறு இடத்திலும்
துளிர் விட்டிருந்தது.