பக்கம் 211

வீரவநல்லூர் கிளை நூலகம்.
எண் 8417, நாவல், அட்டை பிரிந்தது.
இருநூற்றுப் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு
அச்சு இல்லை.

யாரோ சவரப் பிளேடால்
தையல் பிரியாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள்
கடைசி மூன்று தாளை.

நான் அந்தத் தாள்களைப் படித்தவள்.
கன்னடியன் கால்வாய்க் கரையில்
வாழைக்கு நடுவே
வடிவையும் மாசானத்தையும்
அவளுடைய அண்ணன்மார் மறிக்கிற இடம்.
அரிவாளைப் பற்றி ஆசிரியர்
ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்,
பிடியில் சுற்றிய கயிறு உட்பட.
வடிவைப் பற்றி நாலு வரி.

வெட்டிய இடத்தில் இப்போது
கோடு போட்ட நோட்டுத் தாள்.
சோற்றுப் பசை, அதை எறும்பு தின்ற தடம்.
நீல மையில், சாய்ந்த எழுத்தில்:
"அண்ணன்மார் வந்தபோது
கரையில் யாரும் இல்லை.
இரண்டு பேரும் அதற்கு முன்பே
ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.
செங்கோட்டை வண்டி ஆறு மணிக்கு."
அவ்வளவுதான். முற்றும் போடவில்லை.

விதிப்படி இதைச்
சேதப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்,
கடைசியாக எடுத்தவரிடம்
இரட்டை விலை வாங்க வேண்டும்.
கடைசியாக எடுத்தவர்
வாழையிலைக் கமிஷன் கடை பூல்பாண்டி,
துப்பறியும் கதையென்று நினைத்து
எடுத்துப் போனவர்.
நான் பசை காயும்வரை
மேலே ஒரு பஞ்சாயத்துச் சட்டப் புத்தகத்தை
பாரமாக வைத்தேன்.

பிறகு அது அலமாரியில் நிற்கவே இல்லை.
ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் தடித்துத் திரும்பி வந்தது.
பச்சை மையில் ஒருவர்:
மாசானம் வெறுங்காலோடு ஓடிவந்திருப்பான்,
தென்காசியில் இறங்கியதும்
செருப்பு வாங்கிக் கொடுக்கவும்.
பென்சிலில்: வடிவு
டீச்சர் டிரெய்னிங்கை விடக் கூடாது.
மருந்துச் சீட்டின் பின்புறம் ஒருவர்
வாடகை, அட்வான்ஸ், அடுப்பு, பாய் என்று
கணக்குப் போட்டிருந்தார்.
இருநூறு ரூபாய் இடித்தது.
அடுத்து எடுத்தவர் அந்த இடத்தில்
இருநூறு ரூபாய்த் தாளையே வைத்துவிட்டார்.
இன்றுவரை அதை யாரும் எடுக்கவில்லை.

உறுப்பினர் அட்டைகளோடு ஒப்பிட்டால்
யார் யார் என்று தெரிந்துவிடும்.
ஒப்பிடவில்லை.
பச்சை மையை மட்டும்
தெரியாமல் இருக்க முடியவில்லை.
தன் தெருவில் மாசானங்கள்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்
என்கிற வீட்டுக்காரர்.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று
சொல்ல மாட்டேன்.
போன ஐப்பசியில்கூட
கால்வாயில் ஒரு சைக்கிள் மட்டும் கிடந்தது.
பாலத்தில் நின்று எல்லாரும் பார்த்தோம்.
அந்த வாரம் மூன்று பேர்
8417 இருக்கா என்று கேட்டு வந்தார்கள்.

மாசியில் இருப்புச் சரிபார்க்கப்
பாளையங்கோட்டையிலிருந்து சிவசூரியன் வந்தார்.
எண்ணைச் சொல்லி, டிக் போட்டு,
டிக் போட்டு, 8417ல் நின்றார்.
"என்னம்மா இது,
புஸ்தகமா, மொய் நோட்டா?"
பிறகு உட்கார்ந்தார்.
காப்பியில் ஆடை கட்டியது.
மதியம் பூட்டுகிற நேரம் தாண்டிப் போனது.
நான் சாவியோடு நின்றேன்,
முப்பது வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலை
அதே ஸ்டேஷன் வரை போய்
ஒற்றையாகத் திரும்பி வந்தவள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தார்,
'கழிவு' என்று எழுதுகிற பேனா.
211ல் ஒரு அடித்தல்,
மேலே ஒரு திருத்தம்.
"வண்டி ஆறு மணிக்கு இல்லம்மா, ஆறு அம்பது.
ஆறுன்னு நம்பி வந்தா
அம்பது நிமிஷம் பிளாட்பாரத்துல நிக்கணும்லா.
அண்ணன்மாரு சும்மா இருப்பானுவளா?"
கொஞ்சம் யோசித்து
ஓரத்தில் சின்னதாக எழுதினார்:
தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்றால்
ரோட்டிலிருந்து தெரியாது.

உண்மைதான். தெரியாது.

பதிவேட்டில் 'நிலை' என்ற கட்டத்தில்
நன்று என்று போட்டுவிட்டு
அடுத்த எண்ணைக் கேட்டார்.
8418, தேனீ வளர்ப்பு.