மீட்டருக்கு எவ்வளவு

மாந்த் நகரிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
ஏழாவது கேள்வி: ஒரு மீட்டர் குழி தோண்ட என்ன விலை?
ஒரே ஒரு கட்டம். அதில் ஓர் எண்.

சிடோனி பூஸ்கே, மண்வாரி எந்திரம், வாளிக்கு ஐந்து பல்.
முந்தைய ஆறு கேள்விக்கும் பதில் இருந்தது.

திங்களன்று மார்ஜெரீத்தில் இருந்தேன். கருங்கல் நாடு.
மழையில் படுத்திருக்கும் பசுக்கள் என்று பார்த்தால்
பாறைகள்.
பாறைகள் என்று விட்டால் எழுந்து நடக்கின்றன.
மேலே அப்படி உருண்டு கிடக்கும் கல்
கீழே மக்கிச் சர்க்கரையாய் உதிர்கிறது.
அரை மணியில் இரண்டு மீட்டர். அதற்குள் குழியில் நீர்.
குத்திய இடமெல்லாம் ஊற்று என்பதால்
வீடுகளும் சிந்திக் கிடக்கின்றன,
ஒரு வீட்டு நாய் குரைப்பது
மறு வீட்டுக்கு எட்டாத தூரத்தில்.
ஃபுல்க்ரான் காசைக் கையில் வைத்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கோபமில்லை, அவர் வம்சத்தில் யாரும்
தண்ணீர் கேட்டு அடுத்த வாசலுக்குப் போனதில்லை.

செவ்வாய், ஓப்ராக்.
என்றோ ஓடிய தீக்குழம்பு, இன்று புல்.
இரண்டு சாண் கறுப்பு மண், அதன் கீழ் இரும்பு.
வாளி ஒருமுறை மணியடித்தது.
பேரம் பேசாமல் திரும்பிவிட்டேன்.

செவென் மலைக்கு எந்திரம் ஏறாது.
பாதையின் அகலம் ஒரு கழுதை.
கல் அங்கே ஏடு ஏடாகப் பிரியும்,
பிரிந்ததை அடுக்கிச் சுவர் நிறுத்தி
ஆற்றோரத்து மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினால்
நான்கடி அகலத்தில் ஒரு வயல்.
அதில் வெங்காயம், அதன் ஓரத்தில்
எஸ்தெர் மஸோரிக்குக் குழி.
ஊர்க் கல்லறையில் இடம் மறுக்கப்பட்ட காலம் போய்விட்டது,
இருந்தும் அந்த வீட்டார் தங்கள் படியில்தான் படுக்கிறார்கள்.
நான் மண்வெட்டியால் வெட்ட வெட்ட
மகள் ஒரு பிடியும் சிந்தாமல்
மேற்படிக்குச் சுமந்தாள்.
அம்மா எடுத்துக்கொண்ட இடத்து மண்,
வசந்தத்தில் நாற்றுக்கு ஆகும் என்றாள்.
இதை மீட்டரில் எழுதக் கை கூசியது.

வெள்ளிக்கிழமை கோஸ் மேட்டில்.
காலையில் கொட்டிய மழைக்கு
மதியம் சாட்சி இல்லை.
சுண்ணாம்புக்கல், சல்லடை நிலம்.
உத்திரத்துக்கு மரம் கிடையாது, கூரையும் வளைந்த கல்தான்.
கூரை பிடித்த துளிதான் தொட்டியில்.
ஆடுகள் குடிக்க ஒரே குட்டை,
அதைச் சுற்றிப் பதினொரு வீடு தோளோடு தோள்.
அதனால் ஓயாத பேச்சு, அதனால் ஓயாத வழக்கு.
கழிவுத்தொட்டிக்கு நான் குழி போட
பதினொரு வீடும் வந்து நின்று யோசனை சொன்னது.
முதல் பல் முறிந்தது.
சொன்னேனே, என்றார்கள் இரண்டு பேர்,
வேறு வேறு காரணத்துக்காக.

பிறகு வாளிக்கு அடியில் எதுவுமே இல்லை.

கிணறு வெட்டப் பூதம் என்பார்கள்,
வந்தது காற்று மட்டும்,
நிலவறையில் பாலாடைக்கட்டி முதிரும் குளிர்.
ஒருவர் கல்லைப் போட்டார். எண்ணினோம்.
ஐந்தில் சத்தம் கேட்டது.
அதற்குப் பின்னும் காதை எடுக்க முடியவில்லை,
ஏனெனில் கீழே ஓடிக்கொண்டிருந்தது,
அவர்கள் தலையில் பெய்து
அவர்களுக்குக் கிடைக்காத மழை முழுவதும்.
பதினொரு வீடும் வாயடைத்து நின்றதை
அன்றுதான் பார்த்தேன்.
யாருடைய தண்ணீர் என்ற வழக்கு
விளக்கு வைப்பதற்குள் தொடங்கிவிட்டது.

ஏழாவது கட்டத்தில்
'கல்லைக் கேளுங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது. சிவப்பு மை: எண்ணால் நிரப்பவும்.

ஐந்து என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.
ஐந்து என்ன என்று
யாரும் கேட்கவில்லை.