சுக்கு குடிக்கிற தண்ணீர்

நாடு முழுக்க மணல்தான்.
இவனுக்கு மட்டும் அது ஆகாது.
மூட்டை மூன்று ரியாலுக்கு
லாவண்டர் மணக்கிற மணல் வாங்கி
தட்டில் பரப்பி, சல்லடையால் சலித்து
கட்டிகளைப் பொறுக்கிக் கறுப்புப் பையில் முடிந்து
லிஃப்டில் இறங்கும்போது
நான்காம் மாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு
கண்ணால் கேட்பாள்.
மீன் கழிவு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
வாரம் ஏழு நாளும் மீன் தின்கிற குடும்பமென்று
ரூவியில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு.

சுக்கு என்று பெயர் வைத்தது நான்.
நிறமும் அப்படி, கடித்தால் காரமும் அப்படி.
ஒரு மே மாத மத்தியானம்
டெய்லர் கடை வாசலில், காருக்கு அடியில்
காய்ந்து கிடந்தவனை
காவலாளி ஷோஹாக் ஷூ டப்பாவில் கொண்டுவந்தான்.
"ரெண்டே நாள், தீதி."
மூன்று வருஷமாகிறது அந்த ரெண்டு நாள்.

இவருக்குப் பிடிக்காது.
கறுப்புப் பேன்ட்டில் முடி.
சோபாவின் கை பஞ்சு பஞ்சாக.
விடியற்காலை கதவடியில் கச்சேரி.
வீடு முழுக்க டைல்ஸ் இருக்க
கம்பளத்தில் மட்டுமே வாந்தி எடுக்கிற ஒழுக்கம்.
எல்லாவற்றையும்விட, ஏசி.
நாம் வேலைக்குப் போனபின் அது யாருக்கு ஓடுகிறது?
இருபத்தெட்டு ரியாலுக்குக் கீழே கோடு போட்டு
பில்லை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.
அத்தனை குளிரையும் விட்டுவிட்டு
சுக்கு போய்ப் படுப்பது
சூடான வைஃபை பெட்டியின் மேல்.

தண்ணீரில்தான் வந்தது வினை.
கிண்ணத்தில் வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்வான்.
துரைக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும்.
வாஷ்பேசினில் ஏறிக் குழாயைப் பார்ப்பான்
அப்புறம் என்னைப் பார்ப்பான்.
ஜனவரியில் சரி.
ஜூலையில் மொட்டைமாடித் தொட்டி வெந்து
பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் ரசம்தான் வரும்.
முன்னங்காலை நீட்டுவான், இழுத்துக்கொள்வான்
உதறுவான்
திரும்பவும் நீட்டுவான்.
விளையாட்டென்று நினைத்து
சிரித்துக்கொண்டே பல் தேய்த்திருக்கிறேன்.

பிறகு, இஸ்திரி போட்ட சட்டைமேல் பெய்தான்.
மறுநாள் செருப்பில்.
திமிர் என்றார் இவர்.
மூன்றாம் நாள் தட்டில் குந்திக் குந்தி
ஒரு சொட்டும் வராமல் ஒரு சத்தம் போட்டான்.
பூனைச் சத்தம் இல்லை அது.

என்னை முந்திக்கொண்டு எழுந்தவர் இவர்.
தலையணை உறையில் பொதிந்து
இரவு ஒன்றரைக்கு, லிஃப்டில்
கல்யாணப் பட்டோடு திரும்பிய நான்காம் மாடிக்காரி
மீன் கத்துவதைக் கேட்டாள்.
டாக்ஸியில் அஸைபா வரை பேச்சில்லை.
ஒரு சிக்னலில் மட்டும் உறைக்குள் குனிந்து
"தெரியும்டா, எனக்குத் தெரியும்" என்றார்.
போன ரமலானில் ஸைட்டில் சுருண்டு விழுந்து
ஆறு மில்லிமீட்டர் கல்லோடு திரும்பியவர்.
லீவு கேட்கத் தயங்கி
இரண்டாவது ஸ்கேனுக்கு இன்னும் போகாதவர்.

எகிப்து டாக்டர் மயக்க ஊசி போட்டு
நூல்போல ஒரு குழாய் செலுத்தினார்.
நூற்றிப் பத்து ரியால். கோடு போடவில்லை இவர்.
கோப்பின் மேல் எழுதியிருந்தது:
சுக்கு செல்வின் ஞானமுத்து. ஆண். மூன்று வயது.
அதை இரண்டு தரம் படித்தார்.
"தண்ணீர் நிறையப் போகணும் உள்ளே"
என்ற டாக்டர்
யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் ராத்திரியே வாளி பிடித்துவைக்கிறோம்.
விடிவதற்குள் பாதிதான் ஆறும்;
மீதிக்கு ஐஸ் கட்டி.
மீன்தொட்டி மோட்டார் ஒன்று வாங்கி
பிளாஸ்டிக் டப்பாவில் இவரே பொருத்தினார்.
குழந்தை ஒன்றுக்குப் போவதுபோல் ஒரு தாரை.
நாலு நாளாக அதைச் சந்தேகிக்கிறான் சுக்கு.

இன்று காலை, ஸைட் ஷூவோடு
தரையில் குந்தியிருக்கிறார் இவர்.
இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து
ஒரு மடக்கு குடித்துக் காட்டுகிறார்.
"ம், இப்ப நீ."
காது மட்டும் திரும்புகிறது.
கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.
இன்னொரு மடக்கு.